சித்திரையில் பார்த்த வீடு

சேகர், அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நீ பாதிப் பேரை மறந்திருப்பாய். நான் இருந்தேன். உன் அப்பா இருந்தார். நீ, உன் பெண்டாட்டி தேவகி, அவள் இடுப்பில் கைக்குழந்தையாக உன் மகள் கயல். வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் ஏழுமலை, வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. என் அண்ணன், உனக்குத் தாய்மாமன், கோவிந்தன். அவர் மனைவி, உன் அத்தை, பொன்னம்மா. பக்கத்து வீட்டை வாங்கி இரண்டு மாதத்துக்கு முன்னால் குடிவந்திருந்த டெய்லர் மணி, அவர் மனைவி. மொத்தம் பத்துப் பேர். யார் எங்கே நின்றார்கள், யார் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூட எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அது வரம் இல்லை. அதைச் சுமந்துகொண்டுதான் இத்தனை வருஷமாக உன் அக்கா வீட்டில், எலவனாசூர்கோட்டையில், ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் நீ போனில் சொன்னாய், கள்ளக்குறிச்சியில் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று. "இந்த புரோக்கரு நல்ல மாதிரிம்மா. வெள்ளிக்கிழமை வூட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா கூட்டினு வாங்கன்றாரு. நீ வா. உனக்கு முட்டி வலின்னா வோணாம், அத்தைய கூட்டினு போறேன். அவங்க கை ராசியான கை." நான் போனை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் ஐந்தாவது வரை படித்த இந்தக் கையால் எழுதுகிறேன். உன் அக்கா வீட்டுக்காரர் புதன்கிழமை பஸ்ஸுக்குக் கொண்டுவந்து தருவார். வெள்ளிக்கிழமைக்குள் படித்துவிடு. படித்தாலும் நீ கேட்பாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நாமெல்லாம் ஒரு தடவை விழுந்த பள்ளத்தின் ஓரத்திலேயே நடந்து பழகினவர்கள்.

அப்போது நாம் கள்ளக்குறிச்சியில் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ், ஒரு குழாய். கயல் பிறந்தபின், குழந்தைத் துணியைக் கொடியில் போட்டால் வீட்டுக்காரி எடுத்துக் கீழே எறிவாள். நீ வெள்ளிமலைக்கு மினி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாய். மேலே மளிகைச் சாமானும் உரமூட்டையும் ஏற்றிப் போவாய், கீழே சாமையும் பலாவும் ஏற்றி வருவாய். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாய். அது ஊருக்கே தெரிந்தது, ஏழுமலைக்கும் தெரிந்தது. டீக்கடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு எவ்வளவு பெரிய வீடு வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. "ஏம்ப்பா, உங்க வூட்ல யாரு பேச்சு எடுபடும்?" என்றுதான் கேட்டான். நீ சிரித்துக்கொண்டு, "எங்க மாமா சொன்னா எங்க அம்மாவே கம்முனு இருக்கும்" என்று சொன்னாயாம். அதை நீ வீட்டில் வந்து தமாஷாகச் சொன்னபோது நானும் சிரித்தேன். மறுநாளே அவன் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டான். இதைப் புரிந்துகொள், சேகர். வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் புரோக்கர் ஆகிவிட முடியாது. வாங்குகிற குடும்பத்தில் எந்த வாய் திறந்தால் மற்ற வாய் எல்லாம் மூடும் என்று தெரிய வேண்டும். உனக்கு இப்போது வந்திருக்கிற நல்ல மாதிரி புரோக்கரும் அதையேதான் கேட்டிருக்கிறான், வேறு வார்த்தையில்.

உன் மாமாவை அவன் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வீடு ஓர் ஏரியை ஒட்டி இருந்தது. அந்த ஏரியின் மதகைத் திறந்து, மூடி, வயல் வயலாகத் தண்ணீர் விடும் வேலையை உன் மாமா முப்பது வருஷம் செய்தவர். எந்த மழைக்கு எந்த வரப்பு முழுகும் என்று அவரைக் கேட்டுத்தான் ஊரே நாற்று விடும். அப்படிப்பட்ட ஆள் தாய்மாமனாகவும் இருந்துவிட்டால், அவரைத் தாண்டி நாம் யாரைக் கேட்போம்? வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ஆபீஸில் போய் நம்பரைச் சொல்லி, இது யார் நிலம் என்று கேட்டிருப்பார்கள். நாம் தண்ணீர் விடுகிறவரைக் கேட்டோம். காகிதத்தைவிட அவர் வாய் பெரிது என்று நினைத்தோம்.

சித்திரை மாதம் போனோம். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வரிசையாக நான்கு வீடு, தளம் போட்டு, ரோஜாக் கலரில் பெயின்ட் அடித்து. உன் அப்பா வாசல்படியில் ஏறாமல் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏழுமலை ஓடிப்போய் மணி வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து ஒன்றில் உன் அப்பாவை உட்காரவைத்தான், ஒன்றில் என்னை. "அம்மா, நீங்க ஒக்காருங்க. வூட்டுக்கு மகாலட்சுமியே நீங்கதான்" என்றான். கூலிக்குப் போன எந்த வீட்டிலும் எனக்கு நாற்காலி போட்டவர்கள் இல்லை. நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது.

நீ அவனிடம் பட்டாவைக் கேட்டாய். அதை நான் மறுக்கவில்லை, ஒரு தடவை கேட்டாய். அவன் கரண்ட் கார்டையும் வீட்டு வரி ரசீதையும் எடுத்துக் காட்டினான். "கவருமெண்டே கரண்டு குடுத்துக்கீது தம்பி, அப்பறம் இன்னா? வரி வாங்கிக்கினு வூடு உன்துல்லன்னு சொல்லுவானா? பட்டா பின்னாலயே வரும், நாலு வூட்டுக்கும் சேத்து எழுதிப் போட்டுக்கீது." மணியும் தலையாட்டினார். அவருக்கும் அதையேதான் காட்டியிருந்தான். கரண்ட் கார்டு வேறு, நிலத்தின் பத்திரம் வேறு என்பதை நாம் எல்லோரும் பிறகு கற்றுக்கொண்டோம்.

எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சுவரைத் தொட்டேன். பெயின்ட்டுக்குக் கீழே உப்பு பூத்திருந்தது, கை வைத்தால் பொருக்காக உதிர்ந்தது. பின்பக்கம் போனேன். வெட்டிய பனைமரத்தின் அடிக்கட்டை இரண்டு, ஒட்டினாற்போல நின்றன. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது ரெட்டைப் பனை. ஏரி நிரம்பினால் அந்தப் பனைகளின் இடுப்பு வரை தண்ணீர் நிற்கும். நான் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் கேட்டேன், "ஏண்ணா, இது ஏரிக்குள்ளதான கீது? நம்ம கோரை அறுப்பமே, அந்த எடம் தான இது?"

ஏழுமலை முந்திக்கொண்டான். "அம்மா, இங்க மட்டும் தண்ணி வந்துச்சின்னா நானே மீன் புடிச்சித் தரேன், நீங்க கொழம்பு வைங்க." எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா, "உங்க அம்மாவுக்கு செத்தவங்க வாயில எத்தினி பல்லு இருந்துச்சின்னுகூட ஞாபகம் இருக்கும்" என்றார், அதற்கும் சிரித்தார்கள். உன் மாமா சிரிக்கவில்லை. டெய்லர் மணியை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்து, "பனமரம் ஊருக்கு ஊரு கீதும்மே. தண்ணி இங்க ஏறாது. நான் சொல்றேன் இல்ல?" என்றார். நீ என் தோளைத் தட்டி, "மாமாவே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னாம்மா" என்றாய்.

இதுவரை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நான் உன்னிடம் சொன்னதில்லை. மனது கேட்காமல் நான் பொன்னம்மாவின் கையைப் பிடித்து மறுபடியும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனேன். அவளும் நானும் ஒன்றாகக் களை எடுத்தவர்கள், கதிர் அறுத்தவர்கள். அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த வருஷம், வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கார்த்திகை மாதம் மாட்டுக்குக் கோரை அறுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். தலையில் கட்டோடு திரும்பும்போது, மண் எடுத்த பள்ளம் ஒன்றில் கால் வைத்து அவள் முழுகிப்போனாள். கட்டு மட்டும் மிதந்தது. நான் என் கட்டை எறிந்துவிட்டுக் கையைத் துழாவினேன், மயிர் கிடைத்தது. மயிரைப் பிடித்து இழுத்து, ரெட்டைப் பனையில் அவளைச் சாத்தி வைத்தேன். தண்ணீர் கக்கினாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை, அவள் தங்கினாள். அந்தப் பனைமரம் எது என்று எனக்குத் தெரியாதா?

"அண்ணி, உன்ன நான் இழுத்துப் போட்டது இங்கதான? இந்தப் பனமரத்துலதான சாத்துனேன்?" என்று கேட்டேன். அவள் அடிக்கட்டையைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். "உனக்கு இன்னாமோ ஆயிடுச்சி பாப்பா. அது கெழக்கால கீற சித்தேரி. வயசு ஆவுதில்ல, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஞாபகத்துக்கு வருது. வுழுந்தவ நானு, எனக்குத் தெரியாதா?" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நான் நம்பினேன், சேகர். இதுதான் நான் உன்னிடம் மறைத்து வைத்திருந்த தப்பு. உன் மாமா சொன்னபோதுகூட நான் நம்பவில்லை, சபையில் ஆண்பிள்ளை பேச்சு அப்படித்தான் என்று இருந்தேன். அவள் சொன்னதும், எனக்குத்தான் அறிவு தடுமாறுகிறது போலிருக்கிறது என்று எண்ணிவிட்டேன். என் கண்ணையும் கையையும் சந்தேகப்பட்டேன். திரும்பி வந்து, "எனக்குத்தான் எடம் மாறிப்போச்சி, முடிச்சிருங்கப்பா" என்று என் வாயால் சொன்னேன். தேவகி அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். உன் அத்தை கொண்டுவந்திருந்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, உன் மாமா கையால் மாற்றிக்கொண்டார்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் கையால் தாம்பூலம் மாற்றியபின் காகிதம் கேட்டால், அவரை நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்த மாதிரி. அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எதையும் ரிஜிஸ்டர் செய்யவில்லை.

வைகாசியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். ஐந்து மாதம் நான் ராணி மாதிரி இருந்தேன். சொந்தக் கொடியில் துணி காயப்போட்டேன். ஐப்பசி கடைசியில் பின்வாசலுக்குத் தண்ணீர் வந்தது. கார்த்திகையில் அடுப்படிக்குள் வந்தது. கயல் தவழ்ந்து போய்க் கெண்டைக் குஞ்சு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் காட்டினாள். நான் அதை வாங்கி வெளியே விட்டேன். தேவகி ஏழுமலைக்குப் போன் செய்து, "மீன் வந்திருக்குது, கொழம்பு வெக்கிறேன், வந்து சாப்புட்டுப் போங்கண்ணா" என்றாள். அவன் வைத்துவிட்டான். பிறகு அந்த நம்பரே இல்லை.

இரண்டு மழைக்காலம் கட்டிலின்மேல் கட்டில் போட்டுக் கழித்தோம். அப்புறம் ஒரு நாள் நான்கு வீட்டுச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏரிப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு என்று. நாம்தான் ஆக்கிரமித்தவர்கள் என்று எழுதியிருந்ததை உன் அப்பா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். வீட்டை இடிக்க மஞ்சள் மிஷின் வந்த காலையில் நீ வேனில் சாமானை ஏற்றினாய். ஏற்றியபின்தான் எங்கே இறக்குவது என்ற நினைப்பு நமக்கு வந்தது. வேன் முதலாளி வெள்ளிமலையில் சாமை மூட்டை காத்திருக்கிறது என்று போன்மேல் போன் போட்டார். தேவகியையும் குழந்தையையும் அவள் அம்மா வீட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நாம் மூன்று பேரும் சாமானோடு மலை ஏறினோம். கட்டில், அண்டா, மிக்சி, கயலின் தொட்டில் எல்லாம் வெள்ளிமலை வரை வந்தன. அங்கே ஒருத்தி என்னிடம், "புதுசா குடி வரீங்களா?" என்று கேட்டாள். இறக்க இடமில்லாமல், மூட்டைகளைச் சாமானுக்கு நடுவில் சொருகிக்கொண்டு அதே வளைவுகளில் திரும்பி இறங்கினோம். உன் அப்பா சாமான்மேல் உட்கார்ந்து வந்தார். அன்று வாயை மூடியவர் அந்தத் தை மாதத்தில் போகிறவரை அதிகம் திறக்கவில்லை.

அவர் காரியத்தன்றுதான் பொன்னம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும் பாப்பா. அந்தப் பனமரத்த நான் மறப்பனா? இன்னா பண்றது? டெய்லரு வூட்டுக்காரங்க வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. அவங்களுக்கு உங்க அண்ணந்தான் தண்ணி ஏறாதுன்னு சொல்லி முடிச்சி வெச்சிருந்தாரு. உங்கிட்ட மட்டும் நெசத்த சொன்னா அவங்க எங்க வூட்டுக் கதவ ஒடைச்சிருக்க மாட்டாங்களா?" டெய்லரிடம் அப்படிச் சொன்னதற்காக ஏழுமலை உன் மாமாவுக்கு ஒரு பழைய மொபெட் கொடுத்திருக்கிறான். ஒரு மொபெட்டுக்காக முதல் பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய், கூடப் பிறந்தவளிடம். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீ அதை மாமாமேல் கோபம் என்று நினைத்துக்கொண்டாய், நானும் நினைக்கவிட்டேன். உன் அக்காவை விட்டால் உனக்கு மிச்சமிருந்த சொந்தம் அது ஒன்றுதான், அதையும் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று இருந்தேன். அதுவும் என் தப்புதான். சொல்லியிருந்தால், நீ இன்றைக்கு அவளைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்க மாட்டாய்.

வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். முட்டி வலி இல்லை. நான் வந்து நின்றால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் சரி என்றால் காகிதத்தை மடித்து வைத்துவிடுவாய். என் வாயை நானே நம்புவதில்லை. நீ மட்டும் போ. யாரையும் கூட்டிப் போகாதே, பெரியவர்கள் என்று ஒருவரையும். நாற்காலி போட்டால் நின்றுகொண்டே பேசு. தாய்ப் பத்திரத்தையும் பட்டாவையும் ஜெராக்ஸ் கேள், சர்வே நம்பரை எழுதிக்கொண்டு நீயாகவே ஆபீஸுக்குப் போய் அது என்ன நிலம் என்று கேள். அவன் கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். வில்லங்கம் பார்க்கும்போது பத்து வருஷத்தோடு நிறுத்தாதே, உன் அப்பா பிறந்த காலம் வரை பார். இது நல்ல வெயில் காலம், எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். கார்த்திகை வரை பொறுக்கச் சொல். வேறு ஆள் வாங்கிவிடுவான் என்பான். வாங்கிக்கொள்ளட்டும். முன்பணம் என்று ஒன்றும் கொடுக்காதே, தாம்பாளத்தை யார் நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள். இவ்வளவும் செய்தாலும் வீடு அமையுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நம்மைப் போன்றவர்கள் கையில் இருக்கும் காசுக்கு நல்ல நிலம் விற்கமாட்டார்கள், தண்ணீர் நிற்கிற நிலத்தைத்தான் விற்பார்கள். அப்படித் தெரிந்தால் இப்போது இருக்கிற லைன் வீட்டிலேயே இரு. கயல் துணியை வீட்டுக்குள் காயப்போடுங்கள். இதைத் தவிர உனக்குத் தர என்னிடம் நல்ல வார்த்தை இல்லை, தேடிப் பார்த்தேன்.

ஏழுமலையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஏமாற்றுவது அவன் பிழைப்பு, அவனுக்கும் நமக்கும் உறவு கிடையாது. மிஷின் ஓட்டி வந்தவன் இறங்கி வந்து என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான், அவன்மேலும் எனக்கு ஒன்றுமில்லை. என் அண்ணன் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். தப்பு செய்துவிட்டு முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறவர். இடித்த அன்று வந்து அழுதுகொண்டே அண்டாவைத் தூக்கினார். அவரையும் மன்னித்துவிட்டேன், போய்ச் சொல். உன்மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை. ஆனால் என்னைத் தனியாக, யாரும் கேட்காத இடத்தில், என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று என்று என்னையே நம்பவைத்தவள் ஒருத்தி இருக்கிறாள். நான் செத்தால்கூட அவள் என் தலைமாட்டுக்கு வரக் கூடாது, சேகர். வெள்ளிக்கிழமை உன்னோடும் வரக் கூடாது. உன் அத்தை என்று எழுதினால் உனக்கு மனது இளகிவிடும், அதனால் பெயரையே எழுதுகிறேன். பொன்னம்மா.